மூன்று முறை கூப்பிட்டேன்

என் குரலைப் பற்றி நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் வாயால் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும். போனை எடுத்து "ஹலோ" என்றால், எதிர்ப்பக்கம் இருப்பவர் மிகுந்த பணிவோடு, "மேடம், சார் இருக்காருங்களா?" என்பார். ஆரம்பத்தில் "நான்தாங்க சார்" என்று சண்டைக்குப் போனேன். பிறகு அலுத்துப்போய், "இருங்க, கூப்பிடறேன்" என்று சொல்லி, போனைக் கொஞ்ச நேரம் மேசைமேல் வைத்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி எடுத்துப் பேசிப் பார்த்தேன். "சார் இல்லீங்களா மேடம்? பரவால்ல, அப்புறம் பண்றேன்" என்று வைத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டுப் பாட்டுக்கு என்னைப் பின்வரிசையில் நிறுத்தி, "நீ வாய மட்டும் அசைச்சா போதும்" என்றார் பாட்டு வாத்தியார். கல்யாணம் நிச்சயமான புதிதில், மனைவியாகப் போகிறவளுக்குப் போன் செய்து பத்து நிமிடம் உருகி உருகிப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "ரொம்ப சந்தோஷம் அண்ணி, அவர்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்க" என்றாள். எனக்கு ஒரு அக்கா இருப்பது அவளுக்குத் தெரியும். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் பார்ப்பது கூப்பிடுகிற வேலை.

குடும்ப நீதிமன்றத்தில் உதவியாளர் என்று தாளில் போட்டிருக்கும். எங்கள் நீதிமன்றத்தில் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரம் சந்தி சிரிக்க வேண்டாம் என்று வழக்கு எண்ணைத்தான் அழைப்போம். நான் அறை வாசலில் நின்று, தாழ்வாரத்தைப் பார்த்து, எண்ணை மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றாவது முறைக்கும் ஆள் வராவிட்டால் உள்ளே திரும்பி, பெஞ்ச் கிளார்க்கிடம் "வரலை" என்று சொல்ல வேண்டும். அவர் அதை எழுதுவார். எழுதியதைப் பார்த்து நீதிபதி உத்தரவு போடுவார். அவ்வளவுதான் என் பங்கு. ஆனால் அந்த ஒரு சொல்லில் ஒருவருடைய வழக்கு இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

தாழ்வாரம் நீளமானது. வாசலில் தொடங்கி எட்டு பெஞ்சுகள், பிறகு மாடிப்படி, படிக்கு அப்பால் இன்னும் மூன்று பெஞ்சுகள், கடைசியில் ஒரு தண்ணீர்க் குழாய். என் குரல் நாலாவது பெஞ்ச் வரை எப்படியோ தட்டுத் தடுமாறிப் போகும். ஐந்தாவது பெஞ்சில் உட்கார்ந்துவிடும். மைக் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதைப் பழுதுபார்க்கச் சொல்லிப் போட்ட கோப்பு என்னைவிட சீனியர்.

எனக்கு முன்னால் இந்த வாசலில் நின்றவரை எல்லோரும் 'வெடி' என்றுதான் சொல்வார்கள். அவர் கூப்பிட்டால் பக்கத்து நீதிமன்றத்துக்கு வந்தவர்களும் ஓடி வருவார்களாம். அவர் ஓய்வு பெற்றபோது நான் பதிவறையில் கட்டுகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். சீனியாரிட்டி பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது. அந்தப் பட்டியலுக்குக் காது கிடையாது. முதல் நாள் முதல் எண்ணைக் கூப்பிட்டதுமே எனக்கும் ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. கொசு.

அப்படியும் நாலு வருடம் ஓட்டினேன் என்றால் அதற்குக் காரணம் டீக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். காலையிலிருந்து மதியம் வரை பெரிய பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் மேலும் கீழுமாக நடப்பார். நான் வாசலில் நின்று முனகுவேன். அவர் எந்த மூலையில் இருந்தாலும், "நாப்பத்திரெண்டு யாருங்க, நாப்பத்திரெண்டு, உள்ள கூப்பிடறாங்க பாருங்க" என்பார். ஆள் எழுந்து வரும். இது நாங்கள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. முதல் வாரமே என்மேல் இரக்கப்பட்டு அவராக ஆரம்பித்தது. நாலு வருடத்தில் ஒருநாள்கூட நான் அவருக்கு நன்றி சொன்னதில்லை. சொன்னால் என் குரல் போதவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. ஆள் வந்ததும், என் குரலுக்குக் கட்டுப்பட்டு வந்ததுபோல் தலையை ஆட்டி உள்ளே அனுப்பிவைப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை டீக்காரர் வரவில்லை. பல் பிடுங்கப் போயிருந்தார்.

அன்றைக்குப் பட்டியலில் வழக்கு எண் முப்பத்தொன்று இருந்தது. மனு போட்டவர் ஒரு பெண். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவர். ஏழு வயது மகள் கணவர் வீட்டில் இருந்தாள். குழந்தை தன்னோடு இருக்க வேண்டும் என்பது மனு. அது முடியும்வரை சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் குழந்தைகள் அறையில், மகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீதிபதி இடைக்கால உத்தரவு போட்டிருந்தார். சனிக்கிழமைப் பணி எனக்கு வரும் வாரங்களில் அவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா குழந்தையின் பின்னலைப் பிரித்து மறுபடி பின்னுவார். முடிந்ததும் திரும்பவும் பிரிப்பார். இரண்டு மணி நேரத்தில் பாதி அதற்கே போய்விடும். குழந்தைக்கும் அது பிடித்திருந்தது.

கணவரின் ஆட்கள் முன்வரிசை பெஞ்சுகளை அடைத்துக்கொள்வார்கள். அதனால் அந்த அம்மா எப்போதும் மாடிப்படிக்கு அப்பால், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்தான் உட்காருவார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசலிலேயே நின்றேன். அன்று கூட்டம் அதிகம், இரைச்சல் அதிகம். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தோளைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க "எண் முப்பத்தொண்ணு" என்றேன். பாதியில் குரல் கம்மிவிட்டது. இரண்டாவது முறை இன்னும் வேகமாக இழுத்துக் கத்தினேன். கீச்சென்று வந்தது. மூன்றாவது முறை காற்றுதான் வந்தது. முதல் பெஞ்சில் இருந்தவர் என்னைப் பார்த்து, "என்னங்க, தண்ணி வேணுமா?" என்றார்.

அந்த நேரத்தில் நான் மாடிப்படி வரை நடந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். திரும்பி, "வரலை" என்றேன். மனு தள்ளுபடி. அதோடு சனிக்கிழமை உத்தரவும் போயிற்று.

பன்னிரண்டரை மணிக்கு அந்த அம்மா வாசலுக்கு வந்தார். "சார், முப்பத்தொண்ணு எப்ப வரும்? நான் அரை நாள்தான் லீவு சொல்லியிருக்கேன்."

"கூப்பிட்டாச்சேம்மா."

"எப்ப சார்? நான் காலைல இருந்து இங்கதான் இருக்கேன்."

"மூணு தடவ கூப்பிட்டேம்மா" என்றேன். பொய் இல்லை. எண்ணிப் பார்த்தால் மூன்றுதான். "வரலைன்னு தள்ளுபடி ஆயிடுச்சு."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அவரோ, "நான்தான் ஏதோ யோசனைல இருந்திருப்பேன் போல. என் புத்திய செருப்பால அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, வேறு நீதிமன்றத்தில் இருந்த வக்கீலைத் தேடிப் போனார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதே உள்ளே போய் நீதிபதியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். விளக்கம் கேட்டு மெமோ வரும். திரும்பவும் பதிவறை, திரும்பவும் கயிறு. அதைவிட, கொசு என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்ததை அலுவலக முத்திரையோடு சொல்லிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் டீக்காரர் வீங்கிய கன்னத்தோடு வந்து, "நான் இல்லாதப்ப ஒண்ணும் பிரச்சன இல்லையே சார்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

ஆனால் இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று ஒரு முடிவு எடுத்தேன். குரலைச் சரிசெய்துகொள்வது. தப்பை ஒப்புக்கொள்வதைவிட அது சுலபமாகத் தெரிந்தது.

பொது மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் குரல் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவர் இருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டரின் சீட்டைப் படித்துவிட்டு, "கோர்ட்ல கூப்பிடற மாதிரி ஒரு தடவ கூப்பிடுங்க சார்" என்றார். கூப்பிட்டேன். வெளியே காத்திருந்த ஒரு குழந்தை சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. "சார், உங்க தோள் ரெண்டும் காதுகிட்ட போயிடுச்சு, பாத்தீங்களா?"

"பாக்கல மேடம்."

"தொண்டைல ஒண்ணுமே கோளாறு இல்ல. மூச்ச நெஞ்சு வரைக்கும் இழுத்து, அங்கயே பூட்டி வெச்சுக்கிட்டு, கழுத்த நெருக்கிக் கத்தறீங்க. காத்து வெளிய வந்தாதானே குரல் வரும்? உங்களுக்கு மூச்சு விடத் தெரியல சார்."

"நாப்பத்தெட்டு வருஷமா விட்டுக்கிட்டுதானே இருக்கேன்."

"உசிரோட இருக்க அது போதும். கூப்பிடப் போதாது."

மல்லாந்து படுக்கச் சொன்னார். வயிற்றின்மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்தார். மூச்சை இழுக்கும்போது புத்தகம் மேலே வர வேண்டும், விடும்போது கீழே போக வேண்டும், தோளும் நெஞ்சும் அதுபாட்டுக்குத் தூங்க வேண்டும் என்றார். நான் இழுத்தேன். புத்தகம் கீழே போனது. விட்டேன். மேலே வந்தது. கைக்குழந்தைகூடச் சரியாகச் செய்கிற காரியத்தில் நான் தலைகீழாக இருந்தேன். "ரொம்பப் பேர் இப்படித்தான் சார்" என்று ஆறுதல் சொன்னார். அவருக்கு நல்ல மனது.

வீட்டுப்பாடம் நிறைய கொடுத்தார். தினம் இரண்டு வேளை புத்தகத்தோடு படுக்க வேண்டும். பிறகு எழுந்து உட்கார்ந்து, மூச்சை வயிறு வரை இழுத்து, "ஸ்ஸ்ஸ்" என்று ஒரே சீராக விட வேண்டும். முதல் வாரம் பத்து எண்ணும்வரை, அடுத்த வாரம் பதினைந்து, பிறகு இருபது. அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்து, "ம்" என்று சொல்லியபடி குமிழி விட வேண்டும். கூப்பிடும்போது மூச்சை இழுத்து நிறுத்தி வைக்காமல், அது திரும்பி வரத் தொடங்கும் நொடியிலேயே சொல்லைத் தொடங்கிவிட வேண்டும். காற்று தீர்ந்த பிறகும் வாக்கியத்தைப் பிழிந்து எடுக்கக் கூடாது. நிறுத்தி, மறுபடி மூச்சு எடுத்துக்கொண்டு சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் இந்த முனையில் நின்று அந்த முனையில் இருக்கும் பிள்ளையின் ஷூ லேஸைக் கட்டவைக்கிற குரல் அவளுடையது. எங்கள் வீட்டில் குரல் என்று ஒன்று இருந்தால் அது அவளிடம்தான். நான் "ஸ்ஸ்ஸ்" என்று ஆரம்பித்த முதல் நாள், சமையலறையிலிருந்து ஓடிவந்து, "குக்கர வெக்கவே இல்லையே, எங்கேர்ந்து சத்தம்?" என்றாள். குமிழி விட்ட நாளில் எதிரே உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"எதுக்கு இதெல்லாம்? இத்தன வருஷமா இல்லாத அக்கறை."

"வேலைக்கு வேணும்."

"வேலைக்குச் சேந்து எவ்ளோ வருஷம் ஆச்சு?"

நான் ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டேன். குமிழி விடுவதில் இப்படி ஒரு வசதி இருந்தது. முப்பத்தொன்று பற்றி அவளிடம்கூட நான் மூச்சுவிடவில்லை.

அவளுக்கும் என்மேல் இரக்கம் வந்தது. புத்தகத்துக்குப் பதிலாகத் தன் பள்ளிக்கூடத்திலிருந்து மணல் மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் வயிற்றில் வைத்தாள். "தோள எறக்குங்க. எறக்குங்கன்னா எறக்கணும்" என்று அவள் சொல்லும்போது என் தோள் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரர் தோளும் இறங்கியிருக்கும்.

அலுவலகத்தில் மதிய இடைவேளையில் பதிவறைக்குப் போய்விடுவேன். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே காகிதத்தை விரித்துப் படுத்து, நல்ல தடித்த கட்டாகப் பார்த்து வயிற்றில் ஏற்றிக்கொள்வேன். கண்ணை மூடினால் சுகமாக இருக்கும். மூன்றாவது வாரம் ஒருநாள் பெஞ்ச் கிளார்க் ஏதோ கட்டைத் தேடி வந்தவர், அலமாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் இரண்டு பாதங்களைப் பார்த்து அலறிவிட்டார். நான் பதறி எழுந்தேன். வயிற்றிலிருந்த யாரோ ஒரு தம்பதியின் பன்னிரண்டு வருடத்துச் சண்டை அறை முழுக்கப் பறந்தது. வாசலில் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"செத்துட்டீங்கன்னு நெனச்சேன்யா" என்றார் பெஞ்ச் கிளார்க், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"இல்ல சார். மூச்சு விட்டுக்கிட்டிருந்தேன்."

"அத உக்காந்து விடக் கூடாதா?"

காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டே எந்தக் கட்டு வேண்டும் என்று கேட்டேன். "முப்பத்தொண்ணு. அந்தத் தையக்காரப் பொண்ணு, வழக்க மறுபடி எடுக்கணும்னு மனு போட்டிருக்கு. அடுத்த மாசம் மொத வியாழன் வாய்தா" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

நாலாவது வாரத்தில் அதிசயம் நடந்தது. "எண் பதினாறு" என்று நான் கூப்பிட, டீக்காரர் வழக்கம்போல வாயைத் திறப்பதற்குள் ஏழாவது பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்துவிட்டார். டீக்காரர் திறந்த வாயோடு என்னைப் பார்த்தார். நான் கத்தவில்லை. தோள் அசையவில்லை. வயிறு தானாக நிறைந்தது, சொல் அதன்மேல் ஏறிப் போனது. குரல் பெரிதாகவில்லை. கீழே இறங்கி, காலை ஊன்றிக்கொண்டு வந்தது. எனக்கே அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. மூன்று நாளில் மாடிப்படியைத் தாண்டியது. அப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. வராத வழக்குகளைக்கூட நாலாவது முறை கூப்பிட்டேன். வீட்டில் உப்பு கேட்பதற்கும் தாழ்வாரத்தில் கூப்பிடுகிற தோரணை வந்தது. "கொசுவே தேவலாம்" என்றாள் மனைவி.

ஆனால் சனிக்கிழமை வந்தால் அந்தக் குஷி எல்லாம் இறங்கிவிடும். குழந்தைகள் அறையில் வேறு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். பின்னலைப் பிரித்துப் பின்னும் அந்த அம்மா இருக்க மாட்டார். சனிக்கிழமைப் பணியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை வந்தது. முப்பத்தொன்றைக் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த அம்மா காலையிலிருந்து வாசலை ஒட்டியே நின்றிருந்தார். உள்ளே போனதும் அவருடைய வக்கீல் மனுவைப் படித்தார். கவனக்குறைவால் அழைப்பைக் கேட்கத் தவறிவிட்டேன், மன்னித்து வழக்கை மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கணவர் தரப்பு வக்கீல் எழுந்தார். "மேடம், மூணு தடவ கூப்பிட்டிருக்காங்க. ரெக்கார்டுல இருக்கு. தன்னோட வழக்கு நம்பரையே கவனிக்க முடியலைன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. இவங்க ஒரு ஏழு வயசுக் குழந்தைய எப்படிக் கவனிச்சுக்குவாங்க?"

நீதிபதி அம்மா பேனாவைக் கையில் எடுத்தார். தையல்கார அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தான் எழுதிக் கொடுத்ததே தன் கழுத்துக்குக் கத்தியாக வந்துவிட்டது அவருக்குப் புரிந்தது. என் தப்பை அவர் தன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

கேட்காமல் நான் அந்த அறையில் பேசக் கூடாது. பேச வேண்டும் என்று முடிவெடுத்ததாகவும் ஞாபகம் இல்லை. வயிறு நிறைந்தது, வாய் திறந்தது. "மேடம், அவங்க மேல தப்பில்ல. அன்னிக்கு என் குரல் அவங்க வரைக்கும் போகல. நான் பாக்காமயே வரலைன்னு சொல்லிட்டேன்."

தாழ்வாரம் கப்பென்று அடங்கியது. தண்ணீர்க் குழாய்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வேகமாக வந்து, "எங்க நம்பரா சார்?" என்றார்கள். என் வாழ்நாளில் என் குரல் இவ்வளவு தெளிவாக அந்தக் கடைசி வரை போனதில்லை. போய்ச் சொன்னதோ, என் குரல் அங்கே போகாது என்பதை.

கணவர் தரப்பு வக்கீலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இந்தக் குரலா மேடம் கேக்கல?"

நீதிபதியும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நடுவில் பயிற்சிக்குப் போனது, புத்தகம், குமிழி எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே அது கட்டுக்கதைபோல் கேட்டது. அவர் பெஞ்ச் கிளார்க்கை அழைத்து, "நீங்க போய் அந்தக் கடைசி பெஞ்சுல உக்காருங்க. நம்பர் கேட்டா கையத் தூக்குங்க" என்றார். பிறகு என்னிடம், "அன்னிக்கு எப்படிக் கூப்பிட்டீங்களோ அப்படியே கூப்பிடுங்க. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்" என்றார்.

வாசலில் நின்றேன். "எண் முப்பத்தொண்ணு."

தூரத்தில் பெஞ்ச் கிளார்க்கின் கை உயர்ந்தது.

பழைய மாதிரி கூப்பிட எனக்கு மறந்துபோயிருந்தது. ஐந்து வாரம் நாய்போல உழைத்துக் கற்றுக்கொண்டது, வேண்டாத நேரத்தில் கச்சிதமாக வேலை செய்தது. வக்கீல் கைகளைக் கட்டிக்கொண்டார். தையல்கார அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆள் இன்னொரு தடவையும் என்னைக் கெடுத்துவிட்டான் என்பது இருந்தது.

"மேடம், இன்னும் ஒரு தடவ" என்றேன்.

"இதுதான் கடைசி" என்றார் நீதிபதி.

கடைசி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அம்மாவின் குழந்தை என் தொண்டையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற பயம் வந்துவிட்டது. நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. தோள் இரண்டும் பழைய சிநேகிதர்களாய்க் காதைத் தேடிப் போயின. மூச்சு நெஞ்சில் ஏறிப் பூட்டிக்கொண்டது. "எண் முப்பத்..." என்று கீச்சென வந்து கம்மிவிட்டது. இரண்டாவது முறை அதைவிடக் கேவலம். மூன்றாவது முறை காற்று. கை உயரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெஞ்ச் கிளார்க்கே எழுந்து வந்து, "எப்பங்க கூப்பிடுவீங்க? காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அறை முழுக்கச் சிரித்தது. நீதிபதி தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். அப்போது வாசலுக்கு வெளியே இருந்து டீக்காரர், "நாலு வருஷமா நான்தாங்கம்மா திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். அன்னிக்குப் பல்லு புடுங்கப் போயிட்டேன்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நானும் அசடு வழிய நின்றேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. என் பழைய குரல் நாலு வருடத்தில் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

வழக்கு மறுபடி எடுத்துக்கொள்ளப்பட்டது. வருகிற சனிக்கிழமையிலிருந்தே குழந்தையைப் பார்க்கலாம். அழைப்பவரின் குரல் தாழ்வாரத்தின் கடைசி வரை கேட்கவில்லை என்பதை நீதிமன்றம் நேரிலேயே கண்டது என்று உத்தரவில் எழுதினார்கள். எனக்கு மெமோ தனியாக வரும் என்றார் பெஞ்ச் கிளார்க்.

தையல்கார அம்மா வெளியே வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், "பரவால்லம்மா, என் கடமைதானே" என்று அடக்கமாகச் சொல்வதற்குத் தயாராகக்கூட இருந்தேன். அவர் என் எதிரில் நின்றார்.

"சார், அன்னிக்கு நான் உங்ககிட்ட வந்து கேட்டேனே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா? நீங்க கூப்பிட்டது கேட்டிருக்காதுன்னு."

"தெரியும்மா."

"அஞ்சு சனிக்கிழம சார்" என்றார். "அவ ஏன் அம்மா வரலைன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம்."

குரலை உயர்த்தவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. எனக்கு வயிறு நிறைய மூச்சு இருந்தது. பயிற்சி கொடுத்தவர் சொன்னதுபோல் தோள் இறங்கித்தான் இருந்தது. ஆனால் வெளியே விட ஒரு சொல் கிடைக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.